மண்ணெண்ணெய்க்கு மாற்றிய எஞ்சின்

2018 ஜனவரி 14, ஞாயிறு

இன்று எனக்கு எழுபத்தைந்து வயது, மூன்று மாதம், பதினொரு நாள். ஆய்வுகூடக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கும்போது முதலில் திகதியையும் உபகரணங்களின் நிலையையும் எழுத வேண்டும் என்று முப்பத்தாறு ஆண்டுகள் மாணவிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். உபகரணங்கள் இரண்டு. ஒன்று நான்: இடது முழங்கால் தேய்வு, இரு கண்களிலும் புரை அகற்றிப் பொருத்திய வில்லை, நாக்கில் பழுதில்லை. மற்றது 1969ஆம் ஆண்டு தயாரிப்பான ஆறு குதிரைவலுப் படகு எஞ்சின்: எல்லாமே பழுது.

காலைப் பூசை முடிந்து வரும்போது, அக்கரையில் காரைநகரில் இருக்கும் மெக்கானிக் சிவக்கொழுந்து வீட்டை விற்றுவிட்டு, சித்திரைக்கு முன் திருகோணமலையில் மகளோடு போய் இருக்கப்போகிறார் என்று கோவில் வாசலில் யாரோ சொன்னார்கள். அதைக் கேட்ட என் தம்பி தாசன் பக்கத்து வீட்டார் அனுப்பிய பொங்கலைத் தொடவில்லை. ஊர்காவற்துறை இறங்குதுறையில் போய் நின்று, வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் திரும்பினான்.

பிற்பகல் நான் கொட்டிலின் கூரை வளையில் சாக்குச் சுற்றித் தொங்கிய எஞ்சினைக் கப்பி போட்டுக் கீழே இறக்கினேன். இரண்டு விடயங்களுக்கும் தொடர்பு உண்டென்று யாரும் நினைக்கத் தேவையில்லை.

"என்னக்கா செய்யிறியள்?" என்று கேட்டான்.

"பார்த்தால் தெரியேல்லையோ?"

"உது இனி ஓடாது."

"நீயும்தான் ஓடமாட்டாய். உனக்கு நான் சோறு போடேல்லையோ?"

ஜனவரி 15, திங்கள்

முதுகு வலி. கப்பி இருந்தும்.

ஜனவரி 20, சனி

துருப்பிடித்த இரும்புப் பாகங்களை மின்பகுப்பு முறையில் துப்புரவாக்குகிறேன். ஒரு வாளி தண்ணீர், சலவைச் சோடா, பழைய இரும்புத் தகடு ஒன்று, தாசனுடைய வாகனப் பற்றறி. வாளியில் குமிழிகள் எழுவதைப் பார்த்து அவன் மூன்று அடி தள்ளி நின்றான். அலுமினியப் பாகங்களை இதில் போடக் கூடாது, கரைந்துபோகும். அவற்றுக்கு மண்ணெண்ணெயும் பல் துலக்கும் தூரிகையும் போதும்.

பின்னணியை எழுதாவிட்டால் குறிப்பேடு முழுமையாகாது. எழுதுகிறேன்.

1990 ஆடி. யுத்தம் மீண்டும் தொடங்கி ஒரு மாதம். தாசன் தன் மனைவி ரீற்றாவையும் ஆறு வயது மகள் நிரோஜினியையும் கூட்டிக்கொண்டு இந்த எஞ்சின் பூட்டிய வள்ளத்தில் இராமேஸ்வரம் போவதென்று தீர்மானித்தான். அம்மா படுக்கையில் இருந்தார். ஆகவே அம்மாவுடன் நான் நிற்பதென்றும் தீர்மானிக்கப்பட்டது. பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலம். சிவக்கொழுந்து தாசனுக்குப் பள்ளிக்காலம் முதல் சிநேகிதர். அவர்தான் வந்து எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓடும்படி மாற்றினார். புறப்படுகிற நாள் மத்தியானம் வேலையை முடித்துக் கொட்டிலில் வைத்துவிட்டு, "கடல் சரியில்லை, ஒரு கிழமை பொறுடா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொழுது சாய்ந்ததும் கரையில் வைத்துக் கயிற்றை இருநூறு தடவை இழுத்தார்கள். எஞ்சின் ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. கூடப் போகவிருந்த வள்ளம் இவர்களை விட்டுவிட்டுப் போனது. போக வேண்டாமென்று சொன்னவன்தான் வேண்டுமென்றே பழுதாக்கிவிட்டான் என்று தாசன் முடிவுகட்டினான். அதோடு நிற்கவில்லை. மறுநாள் மீன் சந்தையில் நாற்பது பேர் முன்னிலையில் சிவக்கொழுந்துவைப் பார்த்துக் "காட்டிக்குடுக்கிறவன்" என்று கத்தினான். அந்த ஆண்டில் அது வசவு அல்ல, தீர்ப்பு. அந்தச் சொல்லுக்குப் பயந்து அந்த மனிதர் மூன்று மாதம் வீட்டில் படுக்கவில்லை.

அடுத்த மாதம் நாங்கள் எல்லோரும் இடம்பெயர்ந்தோம். எஞ்சினுக்குக் கிறீஸ் பூசி, உரச் சாக்கில் சுற்றிக் கிணற்றடியில் புதைத்தோம். அம்மாவும் ரீற்றாவும் காலமான பிறகு 2003இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை, எஞ்சின் இருந்தது. தோண்டியெடுத்துத் தொங்கவிட்டான். "திறந்து பாத்தா அவன் என்ன செய்தவனெண்டு தெரியும்" என்று அடிக்கடி சொல்வான். திறக்க மாட்டான்.

இருபத்தேழு ஆண்டுகளாக இருவரும் பேசவில்லை. இடையில் இருப்பது ஒரு நீரிணை. எங்கள் பின்வளவில் நின்றால் அக்கரையில் உலரும் உடுப்பு தெரியும்.

தாசன் பேசாமலிருக்க அந்த மனிதர் திருகோணமலைக்குப் போய்விட்டால், மிச்சக் காலம் முழுவதும் தாசனின் அந்த முகத்துக்கு எதிரே நான் தேநீர் குடிக்க வேண்டும். எனக்கு அது சரிப்படாது.

ஜனவரி 29, திங்கள்

பிஸ்ரன் இறுகிவிட்டது. ஒன்பது நாட்களாகத் தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து ஊறவிட்டேன். இன்று காலை மரக்கட்டை வைத்துத் தட்டியதும் ஒரு நூலளவு அசைந்தது. நானும் மரக்கட்டையும் தவிர வேறு சாட்சியில்லை. பிறகு இடியப்பம் அவித்தேன்.

பெப்ரவரி 4, ஞாயிறு

தேர்தல் ஒலிபெருக்கிகள் காலை முதல் கத்துகின்றன. தாசன் கொட்டில் வாசலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். முதுகைக் காட்டுவது கொள்கைப் பற்று. ஆனால் காது என் பக்கம்தான் இருந்தது.

"அக்கா, அந்த நட்டு உப்பிடிக் கழராது."

"உன்னட்டைக் கேட்டனானோ?"

"கேக்கேல்லை. ஆனா உந்தச் சாவியாலை முறுக்கினா நட்டின்ரை தலை வட்டமாப் போடும், உங்கட தலை மாதிரி. பதினாலாம் நம்பர் எடுங்கோ."

பதினாலாம் இலக்க ஸ்பனர் சாவியை எடுத்தேன். கழன்றது.

"கழண்டுதோ?"

"இல்லை" என்றேன். அவன் திரும்பிப் பார்த்தான். மூன்று வாரத்தில் முதல் தடவையாக எஞ்சினைப் பார்த்தான். பார்த்ததும் ஒரு கிழங்கை நாருடன் வாயில் போட்டுக்கொண்டான்.

பெப்ரவரி 9, வெள்ளி

இன்று காந்தச் சக்கரத்தைக் கழற்றினேன். அதன் அடியில்தான் தீப்பொறிக்கான மின்னைத் திறந்து மூடும் இரண்டு சிறு முனைகள் இருக்கின்றன, பொயின்ற் என்பார்கள். அதற்குமுன் தாசனைச் சந்தைக்கு அனுப்பினேன்.

"மீன் நேற்று வாங்கினதுதானே இருக்கு?"

"இறால் வேணும்."

"வெள்ளிக்கிழமை இறாலோ? என்ன விசேஷம்?"

"போ எண்டாப் போ."

பொயின்றைத் துடைக்க அசற்றோன் வேண்டியிருந்தது. மருந்துக்கடையில் அந்தப் பெயரில் இல்லை. நகப்பூச்சு அழிக்கும் திரவமாகத்தான் கிடைத்தது. கடைக்காரர், "ஆருக்கு ரீச்சர்?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். அவர் என் நகங்களைப் பார்த்தார். கரி.

வேலை கால் மணித்தியாலத்தில் முடிந்தது. தாசன் வந்தபோது சக்கரத்தைத் திரும்பப் பூட்டிவிட்டேன். "அதுக்கை எப்பிடி இருந்தது?" என்று கேட்டான். வழமைபோல என்றேன். இறால் நல்லதாக இருக்கவில்லை.

பெப்ரவரி 14, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பல், கையில் கிறீஸ். குருவானவர் இரண்டையும் பார்த்தார்; ஒன்றைப் பற்றி மட்டும் பேசினார்.

பெப்ரவரி 22, வியாழன்

சிலிண்டருக்கும் அதன் மூடிக்கும் இடையில் வைக்கும் கஸ்கற் தகடு உப்பிக் கறுத்துப் பாளமாகியிருந்தது. புதியது கடைகளில் இல்லை. எஞ்சினின் வயதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆகவே நானே வெட்டினேன். நுண்மானித் திருகுக் கணிச்சியால் பழையதை ஆறு இடங்களில் அளந்து சராசரி எடுத்தேன்: 3.04 மில்லிமீற்றர். அதே தடிப்பு வரும்படி கஸ்கற் தாள்களை ஒட்டி அழுத்தி, கூரிய கத்தியால் வெட்டி, மீண்டும் அளந்தேன்: 3.05. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என் பேராசிரியர் இருந்திருந்தால் கையெழுத்திட்டிருப்பார்.

தாசன் இப்போது முதுகைக் காட்டுவதில்லை. சாவிகளை எடுத்துத் தருகிறான். ஆனால் எஞ்சினைத் தொடுவதில்லை. சாவியை என் கையில் கொடுத்துவிட்டுத் தன் கையைச் சாரத்தில் துடைத்துக்கொள்கிறான்.

மார்ச் 3, சனி

தோல்வி.

கிணற்றடியில் தண்ணீர் நிரப்பிய நீலப் பிளாஸ்ரிக் பரலின் விளிம்பில் எஞ்சினைப் பூட்டினோம். புதுப் பிளக், புதுப் பெற்றோல், சரியான அளவு எண்ணெய். தீப்பொறி நன்றாக வருகிறது, நானே பார்த்தேன். நான் ஐந்து தடவை கயிற்றை இழுத்தேன். இருமியது. நின்றது. ஆறாவது தடவைக்கு எனக்குத் தோள் இல்லை.

அப்போது தாசன் எழுந்தான். என் கையிலிருந்து கயிற்றை வாங்கினான். இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு அவன் கை அந்த எஞ்சினில் பட்டது. நாற்பது தடவை இழுத்திருப்பான். இருமல், புகை, ஒருதடவை இரண்டு வினாடி ஓட்டம், பிறகு செத்த மௌனம். அவன் முகம் முதலில் சிறுபிள்ளையின் முகம்போல இருந்தது. பிறகு கறுத்தது.

"பாத்தியளோ? இவ்வளவு புதுசு மாத்தியும் ஓடேல்லை. அண்டைக்கு அவன் ஏதோ செய்துதான் விட்டவன். நான் சொன்னது சரி."

"இது நான் செய்த பிழையாயிருக்கும்."

"நீங்கள் பிழை விடமாட்டியள். அளந்து அளந்து செய்தனியள். இது அவன்ரை வேலை."

உள்ளே போய்ப் படுத்துவிட்டான். நான் பரலின் அருகில் நின்றேன். சிவக்கொழுந்துவுக்கு நியாயம் செய்யும் என்று நினைத்துத் தொடங்கிய வேலை அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. இதை இப்படியே விட முடியாது.

மார்ச் 7, புதன்

சிலிண்டர் மூடியையும் என் கஸ்கற்றையும் பழைய கஸ்கற்றையும் துணிப்பையில் போட்டு, மேலே இரண்டு கட்டு முருங்கையிலை வைத்து மறைத்தேன். தாசனிடம் பல் வைத்தியர் என்று சொல்லிவிட்டுக் காரைநகர் போகும் 'பாதை'யில் ஏறினேன். இருபுறமும் கம்பியைப் பிடித்து நிற்க வேண்டிய அந்த மிதவையில் எனக்கு ஒருவர் இருக்கை தந்தார். மோட்டார் சைக்கிளின் இருக்கை.

சிவக்கொழுந்து வீட்டு முற்றத்தில் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். எழுபது கடந்தவர், ஆனால் குந்தியிருந்து எழும்பும்போது எதையும் பிடிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் சட்டையை எடுத்துப் போட்டார்.

"மதலேன் ரீச்சரோ! ஆரும் மோசம் போட்டினமோ?"

"இல்லை. எல்லாரும் இருக்கினம். நீர் இதைப் பாரும்."

முருங்கையிலையை அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டு மூடியை எடுத்து வைத்தேன். அவர் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டார். விரலால் விளிம்பைத் தடவினார். பிறகு என் கஸ்கற்றைக் கையில் எடுத்தார்.

"இதென்ன ரீச்சர், செருப்புக்கு அடியோ?"

"பழையதை அளந்து வெட்டினது. மூன்று தசம் பூச்சியம் ஐந்து."

"அளந்து!" அவர் சிரிக்கத் தொடங்கினார். பெட்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "அளந்தே வெட்டினனியள்! அது ஒண்டில்லை ரீச்சர், ரெண்டு. ஒண்டுக்கு மேலை ஒண்டா நான் போட்டது. மண்ணெண்ணெய்க்கு எஞ்சினுக்குள்ளை அமுக்கம் குறையவேணும். எண்ணெய் போற ஜெற் துவாரத்தையும் பெரிசாக்கினனான். ரெண்டும் இவ்வளவு காலம் இறுகிக் கிடந்து ஒட்டி ஒண்டாப் போயிருக்கு. இப்ப நீங்கள் பெற்றோலை விட்டா அது இருமாமல் பாட்டோ படிக்கும்?"

பழையதன் விளிம்பில் நகத்தை விட்டுப் பிரித்தார். இரண்டு தகடுகள். 1990ஆம் ஆண்டின் பொருளாதாரத் தடையை நான் நூறில் ஒரு மில்லிமீற்றர் துல்லியத்துடன் மறுபடி செய்திருக்கிறேன்.

சரியான தடிப்பில் ஒன்றை அவரே வெட்டித் தந்தார். சிறிய துவாரமுள்ள ஜெற் ஒன்றையும் எங்கோ ஒரு தகரப்பேணியிலிருந்து எடுத்தார். தேநீர் வந்தது. கொஞ்சநேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், "தாசன் சுகமோ?" என்று கேட்டார்.

"சுகம். சீனி வருத்தம் கொஞ்சம்."

"எஞ்சின் ஓடாததுக்கு அவன் என்னை அடிச்சிருந்தாலும் எனக்குக் கவலையில்லை ரீச்சர். ஆனா அந்தச் சொல்லு. அதை என்ரை பிள்ளையள் கேட்டவை. திருகோணமலைக்கு எதைக் கொண்டுபோறது எதை விடுறது எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். அதை எங்கை விடுறதெண்டு தெரியேல்லை."

நான் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பாதை புறப்படும் நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். இறங்குதுறையில் ஐம்பது நிமிடம் காத்திருந்தேன்.

மார்ச் 10, சனி

ஓடியது.

மூன்றாவது இழுப்பில். பரலில் இருந்த தண்ணீர் முழுவதும் எங்கள் இருவர்மீதும் கொட்டியது. தாசன் கத்தினான், என்ன கத்தினான் என்று கேட்கவில்லை. பக்கத்து வீட்டு நாய் வேலிக்கு மேலால் பாய்ந்து ஓடியது. ஆறு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினோம். தாசன் நனைந்த சாரத்துடன் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து, எஞ்சினின் சூட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தான்.

"எங்கை போய் கஸ்கற் வெட்டினீங்கள்? இது கடைவெட்டு இல்லை."

"காரைநகர்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன்: இரண்டு கஸ்கற், பெரிய ஜெற், மண்ணெண்ணெய். கையால் காட்டியும் வரைந்தும் விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அப்ப அவன் சரியாத்தான் செய்திருக்கிறான்."

"மிகச் சரியாக."

"மண்ணெண்ணெய்க்கு எல்லாம் சரி."

"ஓம்."

"அப்ப ஏனக்கா அண்டைக்கு ஓடேல்லை?"

சோறு அடிப்பிடிக்கிறது என்று சொல்லி உள்ளே வந்தேன்.

மார்ச் 11, ஞாயிறு

இன்றும் கேட்டான்.

மார்ச் 13, செவ்வாய்

இன்றும். சாப்பிடும்போது. ஈரம் பிடித்திருக்கும் என்று சொன்னேன். "ஆடி மாசத்திலையோ?" என்றான்.

மார்ச் 18, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் அவனைக் குசினி மேசையில் உட்காரச் சொன்னேன். நின்றபடி சொன்னால் நான் பாடம் நடத்தத் தொடங்கிவிடுவேன். ஆகவே நானும் உட்கார்ந்து சொன்னேன்:

அன்று சிவக்கொழுந்து போன பிறகு, நீங்கள் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, நான் கொட்டிலுக்குப் போனேன். காந்தச் சக்கரத்தில் ஒரு துவாரம் இருக்கிறது. அதன் வழியாகப் பொயின்ற் தெரியும். நிறமற்ற நகப்பூச்சை இரண்டு முனைகளிலும் ஒரு தடவை தடவினேன். காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, மின் பாயாது. இதுதான் நடந்தது. சிவக்கொழுந்துவின் வேலையில் குறை இருக்கவில்லை. குறையை நான் செய்தேன். சந்தையில் நீ அவரை அப்படிக் கூப்பிட்டபோது நான் வீட்டில் இருந்தேன், பிறகு கேள்விப்பட்டேன், வாயைத் திறக்கவில்லை.

தாசன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"உங்களிட்டை நகப்பூச்சு இருந்ததோ?"

இதுதான் அவன் முதலில் கேட்டது. ரீற்றாவுடையது என்றேன். அவன் சிரித்தான், அது சிரிப்பாகத் தொடங்கி வேறொன்றாக முடிந்தது. முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டான். துவாயை எடுத்துவிட்டு, அந்தக் கிழமை போன வள்ளங்களில் ஒன்றைக் கடற்படை சுட்டதையும், ஒன்று போய்ச் சேரவே இல்லை என்பதையும் எனக்கே நினைவுபடுத்தினான். "கூட வெளிக்கிட்ட வள்ளம்தானக்கா அது."

"தெரியும்."

"பயத்திலைதானே செய்தனீங்கள்? எங்களுக்கு ஏதும் ஆகிப்போடுமெண்டு?"

தலையை அசைத்தேன்.

"மூண்டு உயிரக்கா" என்றான். என் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்தக் கையில் இன்னும் கிறீஸ் இருந்தது.

மார்ச் 20, செவ்வாய்

டொரோண்டோவிலிருந்து நிரோஜினி அழைத்தாள். தகப்பன் சொல்லிவிட்டான். "மாமி, நான் இண்டைக்கு உயிரோட இருக்கிறதே உங்களாலை" என்று அழுதாள். தன் இரண்டு பிள்ளைகளையும் தொலைபேசியின் முன்னால் நிறுத்தி நன்றி சொல்லவைத்தாள். அவர்கள் ஆங்கிலத்தில் சொன்னார்கள். நான் பரவாயில்லை என்றேன்.

வேறு யாருக்கோ வந்த பொதியைக் கையெழுத்திட்டு வாங்கி வைத்திருப்பதுபோல இருக்கிறது.

மார்ச் 25, குருத்தோலை ஞாயிறு

எஞ்சினைத் தாசனின் சிறு வள்ளத்தில் பூட்டிக் காரைநகருக்குப் போனோம். பன்னிரண்டு நிமிடம். எனக்கு நீந்தத் தெரியாது. கடலுக்குப் பக்கத்தில் பிறந்த பெண்களில் பலருக்குத் தெரியாது. உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு செம்மஞ்சள் மூட்டைபோல உட்கார்ந்திருந்தேன். கரையை நெருங்க நெருங்கத் தாசன் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தான். இன்னும் குறைத்தால் நின்றுவிடும் என்று சொன்னேன்.

படலையில் நின்று கூப்பிட்டான்.

"கொழுந்து!"

"ஆரது?"

"நான்தான்ரா. சந்தையிலை கத்தினவன்."

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"எஞ்சின் ஓடுதோ?"

"ஓடுது."

"புகை?"

"தொடக்கத்திலை கொஞ்சம். பிறகு இல்லை."

"அப்ப ஏன் படலையிலை நிக்கிறாய்? உள்ளுக்கை வா."

மன்னிப்பு என்ற சொல்லைத் தாசன் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. நான் பின்னால் மெதுவாக நடந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் மர வாங்கில் அருகருகே இருந்தார்கள். தாசனின் கை சிவக்கொழுந்துவின் முழங்காலில் இருந்தது. அவர் அதைத் தள்ளிவிடவில்லை.

பிறகு என் முறை. குசினி மேசையில் சொன்னதையே சொன்னேன். சிவக்கொழுந்து எழுந்து நின்றார்.

"மூண்டு மாசம் பனங்கூடலுக்கை படுத்தனான் ரீச்சர். பாம்புக்குப் பயமில்லை, ஆக்களுக்குப் பயம். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா!"

"சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை."

"ஏன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் தாசன் முந்திக்கொண்டான். கடல், கடற்படை, போய்ச் சேராத வள்ளம், மூன்று உயிர். சிவக்கொழுந்து கேட்டார். மெதுவாக உட்கார்ந்தார். "உயிருக்காக எண்டாச் சரி" என்றார். "நானும்தானே போகாதை எண்டனான். நீங்கள் செய்தே காட்டிப்போட்டியள்." மனைவியைக் கூப்பிட்டு எனக்கு இரண்டாவது தேநீர் கொடுக்கச் சொன்னார்.

குடித்தேன். மறுக்க வேண்டிய தேநீர்.

ஏப்ரல் 1, உயிர்த்த ஞாயிறு

தாசன் ஆட்டிறைச்சி சமைத்தான். உப்புக் கூட. அவன் பாடிக்கொண்டே சமைத்ததால் சொல்லவில்லை.

ஏப்ரல் 7, சனி

சிவக்கொழுந்து காபரேற்றரைச் சரிபார்க்க இக்கரைக்கு வந்தார். வீடு வாங்கியவர் வைகாசிவரை இருக்கச் சொல்லிவிட்டாராம்; அதற்குள் ஒவ்வொரு சனியும் வருவதாகச் சொன்னார். காலை பத்து மணிக்கு மூவரும் வள்ளத்தில் போனோம். அவர் ஒரு திருகைக் கால் சுற்றுத் திருப்புவார்; தாசன் காது கொடுத்துக் கேட்பான்; "கூடிப்போச்சு" என்பான்; "உனக்குக் காது போச்சு" என்பார். இப்படி அரை மணித்தியாலம்.

நீரிணையின் நடுவில் வந்ததும் எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். ஓடும்போது பேசினால் கத்த வேண்டும். இதைக் கத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நீந்தத் தெரிந்த இருவருக்கும் நடுவில் தெரியாத நான் ஒருத்தி. ஆகவே இதில் தந்திரம் இருப்பதாக யாரும் சொல்ல முடியாது. சொன்னேன். எட்டு வாக்கியம்.

முதலில் பேசியது சிவக்கொழுந்து.

"ரீச்சர், இதையும் அண்டைக்கே சேர்த்துச் சொல்லியிருக்கலாமே? ரெண்டு தரம் ஏன் என்னைக் கோவப்பட வைக்கிறியள்? இந்த வயசிலை எனக்குப் பிறசர்."

தாசன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வள்ளம் மெதுவாகச் சுற்றி, எங்கள் வீட்டுப் பக்கம் இருந்த அவன் முகம் காரைநகர்ப் பக்கம் திரும்பியது.

"இப்ப உங்களை நான் என்னக்கா செய்ய?"

"முதலில் கரைக்குக் கொண்டுபோ."

கயிற்றை இழுத்தான். பிடித்தது. இறங்குதுறையில் வள்ளம் ஆடியது; அவன் முதலில் ஏறித் திரும்பி நின்று கையை நீட்டினான். பிடித்துக்கொண்டேன். வழமையைவிட இறுக்கமாகப் பிடித்தான். கோபத்தில் பிடித்தானா, விழுந்துவிடுவேன் என்று பிடித்தானா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் சிவக்கொழுந்துவுக்கும் எனக்கும் தனக்குமாக மூன்று கோப்பை எடுத்து வைத்து, "நிரோஜினியிட்டை நீங்களே சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன்" என்றான். சொன்னேன். அவள் இறுதிவரை கேட்டாள். பிறகு, "பெரியபிள்ளை உங்களிட்டைக் கெமிஸ்ற்றி படிக்கவேணுமாம் மாமி, சனிக்கிழமையிலை நேரமிருக்கோ?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

வள்ளத்தில் நான் சொன்னது இதுதான்:

1990 ஆனியில் பொட்சுவானாவிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. இரண்டாம்நிலைப் பள்ளியொன்றில் இரசாயன ஆசிரியை. புரட்டாசியில் பொறுப்பேற்க வேண்டும். நான் அதை யாருக்கும் காட்டவில்லை. தாசன் இந்தியா போனால் படுக்கையில் இருந்த அம்மா எனக்கு; அவன் நின்றால் அம்மாவை ரீற்றா பார்ப்பாள், நான் போகலாம். ஆவணியில் எல்லாப் பாதையும் மூடியது, நானும் போகவில்லை. ஆனால் அந்த நகப்பூச்சுத் தூரிகையைக் கையில் எடுத்தபோது கடலையோ கடற்படையையோ நான் நினைக்கவேயில்லை. நினைத்தது என்னுடைய பயணப்பெட்டியை.